சிற்றில் சிதைப்பவனும் களம் அமைப்பவளும்

சென்ற கோடை விடுமுறையில் அபிராமத்தில் எங்கள் வீட்டுப் பட்டாசாலையில் பதினொரு நாள் ஒரு போரை நடத்தினேன். களம் ஆறடிக்கு நாலடி. இரண்டு தரப்பிலும் சேர்த்துப் பதினான்கு இயந்திர மனிதர்கள். படைத்தலைவர்கள் இரண்டு பேர்: அண்ணன் மகள், வயது பன்னிரண்டு, அவள் தம்பி, வயது ஒன்பது. நடுவர் நான். புறத்திணையை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். ஒரு போரை நடத்திப் பார்த்தது இதுவே முதல்முறை.

“பெண்ணியம் பேசுகிற நீ பிள்ளைகளுக்குப் போர் விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கலாமா?” என்று தோழி ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை அவளுக்கான பதிலாகத்தான் தொடங்கியது. எழுத எழுத அது வேறொரு கேள்வியிடம் என்னைக் கொண்டுபோய்விட்டது: போரில் களத்தை யார் அமைக்கிறார்கள், அதில் யார் நிற்கிறார்கள், முடிந்தபின் யார் கூட்டி அள்ளுகிறார்கள்?

விளையாட்டின் பெயர் பேட்டில்டெக். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். 1984இல் அமெரிக்காவில் எஃப்ஏஎஸ்ஏ என்ற சிறு நிறுவனம் ‘பேட்டில்டிராய்ட்ஸ்’ என்ற பெயரில் இதை வெளியிட்டது. ‘டிராய்ட்’ என்ற சொல்லுக்கு ஸ்டார் வார்ஸ்காரர்கள் உரிமை கொண்டாடியதால் அடுத்த ஆண்டே பெயரை மாற்ற வேண்டியிருந்தது. இருபது டன்னிலிருந்து நூறு டன் வரை எடையுள்ள இயந்திர உருவங்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் அதை இயக்கும் ஒரு மனிதர். தரை முழுக்க அறுகோணக் கட்டங்கள். ஒரு கட்டம் முப்பது மீட்டருக்குச் சமம், ஒரு சுற்று பத்து வினாடிக்குச் சமம். இரண்டு பகடைகளை உருட்டி, அடி பட்டதா, எங்கே பட்டது என்று பார்க்க வேண்டும். சுடச் சுட இயந்திரம் சூடேறும். சூடு எல்லை மீறினால் அது நின்றுவிடும். காட்டுக்குள் நிற்பவரைக் குறிவைப்பது கடினம். தண்ணீருக்குள் இறங்கி நின்றால் சூடு சீக்கிரம் தணியும். இந்தக் கடைசி விதியைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர்க் கண்மாயும், வைகாசி வெயிலில் கழுத்தளவு தண்ணீரில் கிடக்கும் எருமைகளும் நினைவுக்கு வந்தன. நடத்திப் பார்க்கலாம் என்று முடிவுசெய்தது அப்போதுதான்.

பெட்டியில் எட்டு உருவங்கள் இருந்தன. பிள்ளைகளுக்கு அது போதவில்லை. திருவிழாக் கடையில் வாங்கிய, காராக மடங்கும் ரோபோ ஒன்று. சாவிக்கொத்தில் தொங்கிய ஒன்று. கை ஒடிந்து பரணில் கிடந்த ஒன்று. பல்பசை மூடியும் பேனா ரீஃபிலும் ஒட்டித் தம்பிக்காரன் செய்த ஒன்று. இவற்றோடு வேளார் வீட்டில் கேட்டு வாங்கிய மண்குதிரை ஒன்று, ஐயனாருக்கு நேர்ந்துவிடும் புரவியின் குட்டி வடிவம். பதினான்காவது உருவமாக என்ன வைப்பது என்று தேடி, கடைசியில் இஞ்சி நசுக்கும் சிறு இரும்பு உலக்கையை நிமிர்த்தி வைத்தார்கள். அதற்கு நூறு டன்.

அளவு பொருந்தாத, இனம் சேராத உருவங்களை ஒரே களத்தில் நிறுத்துவது குறையாகத் தோன்றலாம். ஆனால் பேட்டில்டெக்கின் முதல் உருவங்களே இரவல்தான். டக்ரம், மேக்ராஸ் போன்ற ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களின் பொம்மைகளை எடுத்துத்தான் அந்த விளையாட்டைத் தொடங்கினார்கள். பிறகு உரிமை வழக்கு வந்தது. 1990களில் அந்த உருவங்களின் படங்களைப் புத்தகங்களிலிருந்து நீக்கினார்கள். விதிகளில் பெயர் இருந்தது, உருவம் இல்லை. ரசிகர்கள் அவற்றை ‘காணப்படாதவை’ என்று அழைத்தார்கள். பெயர் பட்டியலில் இருக்கும், முகம் மட்டும் இருக்காது என்ற நிலைமையைப் பெண் எழுத்தின் வரலாறு படித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

*

களம் அமைப்பதற்கே மூன்று நாள் ஆனது. ஃப்ளெக்ஸ் கடையில் கேட்டு ஒரு பழைய பதாகையை வாங்கிவந்தோம். யாரோ ஒருவருடைய திருமணப் பதாகை. கவிழ்த்துப் போட்டால் அதன் வெள்ளை முதுகு தரையாகிவிடும். அதன்மேல் அட்டையில் வெட்டிய அறுகோணத்தை வைத்து, கட்டம் கட்டமாகப் பேனாவால் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க எண் கொடுத்தவள் அண்ணன் மகள். குளிர்பதனப் பெட்டி வந்த தெர்மாகோலைச் சீவிக் கண்மாய்க் கரை. மதினியின் கிழிந்த நீலப் புடவை தண்ணீர். சீமைக்கருவேலங் குச்சிகளைச் செருகிக் காடு. கரிமூட்டம் போடுகிற இடத்திலிருந்து அள்ளிவந்த கரித்தூள் தார்ச்சாலை. தீப்பெட்டி வீடுகள். ஓரிடத்தில் நிஜ மிளகாய்களையே கொட்டிப் பரப்பி, “இது மொளகாக் களம்” என்றாள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் முண்டு மிளகாய்தான். எங்கள் பக்கத்தில் அதைக் களத்தில் காயவைத்துக் கிளறி, காம்பு ஆய்ந்து, தும்மித் தும்மி அள்ளுகிற கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை.

களம் என்ற சொல் தமிழில் இரண்டு தொழிலுக்குப் பொது. நெல்லடிப்பதும் களம், தலை விழுவதும் களம். தொல்காப்பியப் புறத்திணையியல் உழவர் களத்தையும் தேர்வீரர் களத்தையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பேசுகிறது. வாழ்த்துப்பெற்றது இரண்டாவது களம். முதல் களத்தைச் சாணி தெளித்து மெழுகியவள் உவமையாகக்கூட உள்ளே வரவில்லை.

மூன்று நாளும் தம்பிக்காரன் என்ன செய்தான்? உருவங்களுக்குப் பெயர் வைத்தான். எதற்கு எத்தனை பீரங்கி என்று எழுதினான். அவ்வப்போது வந்து, “முடிஞ்சதா?” என்று கேட்டான். முடிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: “அத்தே, குண்டு விழுந்தா இந்த வீட்டையெல்லாம் நெசமாவே ஒடைக்கலாமா?”

அவன் கெட்ட பிள்ளை இல்லை. அவன் கேட்டதற்குத் தமிழில் இரண்டாயிரம் ஆண்டு மரபு இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் கபிலர் பாடிய புகழ்பெற்ற பாட்டொன்றில், தெருவில் தான் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்த பையனைத்தான் தலைவி முதலில் நினைவுகூர்கிறாள். பின்னாளில் அவன் வீட்டுக்குத் தண்ணீர் கேட்டு வந்து அவள் கையைப் பிடிக்கிறான். அன்று சிதைத்ததும் இன்று பிடித்ததும் ஒரே குறும்பின் தொடர்ச்சியாகி, காதல் என்று பெயர் பெறுகின்றன. ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்தில், தோழியரோடு சேர்ந்து, வளை அணிந்த கை நோகக் கட்டிய சிற்றிலை அழிக்காதே என்று கண்ணனிடம் மன்றாடுகிறாள். பிள்ளைத்தமிழ் இதை இலக்கணமாகவே ஆக்கிவிட்டது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிற்றில் பருவம் என்றால் சிற்றில் கட்டுவது அல்ல, சிதைப்பது. பெண் குழந்தைகள் கூடிநின்று ‘எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே’ என்று கெஞ்சுவதாகப் பாட வேண்டும். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் போன்றவை. திக்குவிசயம் செய்து எட்டுத்திசையும் வென்ற தடாதகையான மீனாட்சிக்கே குமரகுருபரர் அம்மானையும் ஊசலும்தான் தருகிறார். அவள் தேரேறிப் போனவள், ஆனாலும் சிறுதேர் அவளுக்கு இல்லை.

இந்தப் பாடல்களை நான் நேசிக்கிறேன். வகுப்பில் பாடம் சொல்லும்போது இன்றும் குரல் தழுதழுக்கும். ஆனால் இருபது ஆண்டுகளில் ஒருமுறைகூட, கட்டியவளின் உழைப்பு எத்தனை நாழிகை என்று மாணவர்களிடம் கேட்டதில்லை. மூன்று நாள் தெர்மாகோல் சீவிய ஒரு சிறுமியின் முகத்தைப் பார்த்தபடி அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது: சிதைப்பதை அழகாகப் பாட நம்மிடம் ஒரு பருவமே இருக்கிறது, கட்டுவதைப் பாட ஒரு பருவம் இல்லை.

நடுவர் என்ற முறையில் நான் இட்ட முதல் விதி: வீடு இடிந்தால் அதன்மேல் கறுப்புத் துணித்துண்டு போட வேண்டும். கையால் உடைக்கக் கூடாது. களத்தைப் பிரிக்கும் உரிமை கட்டியவளுக்கு மட்டும்.

*

மேற்கிலும் கதை பெரிய வித்தியாசமில்லை. பொம்மை வீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு முதல் பொதுமக்கள் நூல் என்று கொண்டாடப்படுவது எச்.ஜி. வெல்ஸ் 1913இல் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’. அதன் நீண்ட தலைப்பிலேயே இது ஆண்பிள்ளைகளுக்கான விளையாட்டு என்றும், அவர்களுடைய விளையாட்டையும் புத்தகத்தையும் விரும்புகிற, சற்றுக் கூடுதல் அறிவுள்ள பெண்பிள்ளைகளுக்கும் ஆகும் என்றும் அறிவித்துவிடுகிறார். பெண்ணுக்கு அறிவிருந்தால் நுழைவு. ஆணுக்குப் பன்னிரண்டு வயது ஆனாலே போதும். பொம்மைப் போரில் திருப்தியடைந்தால் நிஜப் போர் தேவைப்படாது என்பது அவருடைய வாதம். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் வந்தது.

பேரியந்திரக் கதைகளுக்கு வருவோம். உள்ளே அமர்ந்து இயக்கும் ராட்சத ரோபோவைப் பிரபலமாக்கியது கோ நாகாய் 1972இல் உருவாக்கிய ‘மசிங்கர் இசட்’. அதில் சயாகா என்ற பெண் இயக்கும் பெண் ரோபோ ஒன்று வருகிறது, பெயர் அஃப்ரொடைட். அதன் ஆயுதம் என்ன தெரியுமா? மார்பகங்கள் இரண்டும் ஏவுகணைகளாகப் பறந்துபோய் வெடிக்கும். தமிழ்ப் பெண்ணுக்கு இதைக் கேட்டதும் மதுரை எரிவது தெரியாமல் இருக்காது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கண்ணகி இடமுலையைத் திருகி எறிந்தபோது ஒரு அரசு விழுந்து முடிந்திருந்தது. அந்தத் தீ அவள் கேட்ட நீதியின் தொடர்ச்சி. அஃப்ரொடைட்டின் ஏவுகணைகள் பெரும்பாலும் எதிரியை வீழ்த்துவதில்லை. அவள் அடிபட்டுக் கிடப்பாள், நாயகனின் ரோபோ வந்து காப்பாற்றும். ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு வெற்றியை எடுத்துக்கொள்கிற தந்திரம் இது. 2010இல் வந்த நம் ‘எந்திர’னில் அதுகூட இல்லை. நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒன்றுசேர்ந்து பந்தாகவும் பாம்பாகவும் பேருருவாகவும் எழும் அந்தக் கடைசிப் போர் முழுக்க ஒரு பெண்ணுக்காக நடக்கிறது. அவளுக்கு அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை.

நம் புறப்பாடல்களில் பெண்கள் பேசுகிறார்கள் என்று பெருமைப்படுகிறோம். பேசுகிறார்கள்தான். ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் பெண் தந்தையையும் கணவனையும் போரில் இழந்தபின் ஒரே மகனையும் அனுப்புகிறாள். காவற்பெண்டு தன் மகன் எங்கே என்று கேட்டவளுக்கு, தன் வயிற்றைப் புலி கிடந்துபோன குகையாகக் காட்டி விடைசொல்கிறாள். இதை வீரத்தாயின் பெருமிதம் என்றே உரைகள் சொல்லிவந்தன, நானும் அப்படித்தான் சொன்னேன். அறுகோணக் கட்டங்களுக்கு நடுவில் தெர்மாகோல் குகை ஒட்டிக்கொண்டிருந்தபோது அது வேறாகக் கேட்டது. போரில் ஆணுக்கு உருவம் கிடைக்கிறது, புலி என்று. பெண் நிலமாகிறாள். குகைக்கு நகர்வு கிடையாது, பகடை கிடையாது, முறை வராது.

இதிலிருந்து தப்பியவை ஜெயங்கொண்டாரின் பேய்கள்தாம். கலிங்கத்துப்பரணியில் போர் முடிந்தபின் பேய்மகளிர் களத்துக்கு வந்து கூழ் சமைக்கிறார்கள். சமைக்கப் பாத்திரம் இல்லை. கிடக்கிற யானையைக் கொண்டு பானை, தந்தத்தைக் கொண்டு உலக்கை, கிடைத்ததை வைத்துக் கிடைக்காததைச் செய்துகொள்கிறார்கள். அடுக்களைக்காரியின் அறிவு அது. பல்பசை மூடியிலிருந்து பீரங்கி செய்கிற அறிவும் அதுவே. நவரசங்களில் பீபத்சம் என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பகுதியைத்தான் நான் இப்போது மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன்.

*

போர் தொடங்கிய நான்காம் நாள் காலையில் அண்ணன் மகள் பெரியவளானாள்.

அன்று மாலை அவள் முறை. கண்மாய்க்குள் இறங்கி நிற்கும் மண்குதிரையைக் கரையேற்ற வேண்டும். அதற்குள் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சிறிய அறையில் பாய் விரித்து, தனித்தட்டு வைத்து, வாசலில் உலக்கையைக் குறுக்கே போட்டுவிட்டார்கள். நான் அம்மாவிடமும் மதினியிடமும் வாதாடினேன். முனைவர் பட்டமும் மூன்று கவிதைத் தொகுப்பும் உள்ளவள் தோற்ற இடம் அந்த நடைவாசல். “நீ ஒன் காலேசுல பேசு. இங்க ஊருக்குப் பதில் சொல்றது நாங்க” என்றார் அம்மா. எனக்கு நடந்தபோது இதே உலக்கைதான் கிடந்தது. அன்றைக்குத் தெருவில் நான் பாதி கட்டியிருந்த மணல்வீடு பிறகு என்ன ஆனது என்று யாரிடமும் கேட்டதில்லை.

“அப்ப நான் ஜெயிச்சுட்டேனா?” என்றான் தம்பி.

உள்ளேயிருந்து குரல் வந்தது: “குதிரை, சைபர் ஏழு சைபர் ஒம்போதுக்கு.”

அவள் எழுதிய எண்கள் அவளுக்கு மனப்பாடம். களத்தை அவள் பார்க்க முடியாது. எதிரி எங்கே நிற்கிறான் என்று நான் போய்ச் சொல்ல வேண்டும். அவளுடைய இயந்திரங்களின் கண்ணுக்கு எது தெரியுமோ அதை மட்டும் சொன்னேன். காட்டுக்குப் பின்னால் இருப்பதைச் சொல்லவில்லை. முழுக் களத்தையும் பார்த்தபடி ஆடிய தம்பியைவிட, பார்க்காமல் ஆடியவள் நன்றாக ஆடினாள். காரணம் எளிது: அந்த நிலத்தை அவள் கட்டியிருந்தாள்.

இதற்கு உலக வரலாற்றில் ஒரு முன்னோடி உண்டு. 1942இல், பிரிட்டனின் லிவர்பூல் நகரில், டெர்பி ஹவுஸ் என்ற கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு போர் விளையாட்டு அறை அமைந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம். கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் தலைமையில் அந்த அறையை நடத்தியவர்கள் பெரும்பாலும் ‘ரென்’ என்று அழைக்கப்பட்ட கடற்படை இளம்பெண்கள், சிலருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. கடல் என்பது தரை. கப்பல் என்பது சிறு மரத்துண்டு. பயிற்சிக்கு வந்த கடற்படை அதிகாரிகள் திரைக்குப் பின்னால் நின்று, இடுக்கு வழியே தங்களுக்குத் தெரியக்கூடியதை மட்டும் பார்த்துக் கட்டளை தருவார்கள். பெண்கள் தரையில் மண்டியிட்டுச் சுண்ணக்கட்டியால் தடம் வரைந்து நகர்த்துவார்கள். நீர்மூழ்கியின் தடத்துக்கு, திரைக்கு அப்பாலிருந்து கண்ணுக்குப் படாத பச்சைச் சுண்ணம். அங்கே உருவான ஒரு எதிர்த்தாக்குதல் முறைக்கு ‘ராஸ்பெர்ரி’ என்று பெயர் வைத்தவர் ஜீன் லெய்ட்லா என்ற பெண். சொந்தமாக நீர்மூழ்கி ஓட்டிப் பழகிய அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன் அங்கே நீர்மூழ்கியாக ஆடியபோது, ஜேனட் ஓகெல் என்ற இளம்பெண் அவரை ஐந்துமுறை மூழ்கடித்தார்.

அங்கே திரைக்குப் பின்னால் நின்றவர்கள் ஆண்கள், களத்தில் நின்றவர்கள் பெண்கள். எங்கள் வீட்டில் தலைகீழ். அவர்களுக்குத் திரை ஒரு பயிற்சி, மாலையில் எடுத்துவிடலாம். இவளுக்கு உலக்கை.

பகடையில்தான் சிக்கல் வந்தது. அவள் தொட்டது வெளியே வரக் கூடாது. தம்பியே அவளுக்கும் சேர்த்து உருட்டட்டும் என்றேன். “அவன் ஏமாத்துவான்.” சரி, உள்ளே ஒரு ஜோடிப் பகடை கொடுத்துவிடலாம் என்றேன். “அவ பொய் சொல்லுவா.” பெண் சொல்லை எந்தச் சாட்சியத்தோடு நம்புவது என்ற பழைய வழக்கு ஒன்பது வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த வழக்கைத் தீர்த்தவர், தீட்டுக் காவலாக வாசலில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவே. ஒரு காலத்தில் தாயம் ஆடித் தெருவையே தோற்கடித்தவர். எவர்சில்வர் தட்டில் பகடை விழுந்த சத்தம் கேட்டதும் தன்னை மறந்து எட்டிப்பார்த்தார். “ஆறும் மூணும். ஒம்போதுடா!” என்றார். அதற்குப்பின் ஏழு நாளும் அவர்தான் சாட்சி. எட்டாம் நாள், “அந்தக் குருதைய ஏன்டி வெயில்ல நிப்பாட்டுற, தண்ணிக்குள்ள எறக்கு” என்று உலக்கைக்கு இந்தப்பக்கமிருந்து யோசனை சொல்ல ஆரம்பித்தார். நடுவர் கண்டிக்க வேண்டியிருந்தது.

உலக்கை அந்த இடத்திலேயேதான் கிடந்தது. அம்மா மாறிவிட்டார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மாறவில்லை. தட்டைத் தொடாமல்தான் எட்டிப்பார்த்தார்.

*

தோழியின் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆறாம் நாள். தம்பியின் தொண்ணூறு டன் இயந்திரம் தார்ச்சாலையை விட்டுத் தெருவுக்குள் நுழைந்தது. நான் போய் அவளிடம் சொன்னேன். உள்ளே கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அத்தே, அந்த வீட்டுக்குள்ள ஆளுக இருக்காகளா?”

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு கட்டடம் எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கு எண் இருக்கிறது. எத்தனை டன் எடை ஏறினால் இடியும் என்று இருக்கிறது. நாங்கள் ஆடிய அடிப்படை விதிகளில், உள்ளே இருப்பவர்களுக்கு எண் இல்லை.

1990க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகள் மறுபடி வந்து இறங்கிய காலத்தில் நான் ஆறாம் வகுப்பு. மண்டபம் முகாமிலிருந்து ஒரு பெண் எங்கள் வகுப்பில் சேர்ந்தாள். பள்ளியில் ராமேஸ்வரம் கூட்டிப்போனார்கள். கடற்கரையில் எல்லோரும் மணல்வீடு கட்டினோம். எங்கள் வீடுகளில் வாசல் இருந்தது, திண்ணை இருந்தது, கிளிஞ்சல் விளக்கு இருந்தது. அவள் முதலில் பள்ளம் தோண்டினாள். பள்ளத்தின் மேல் குச்சிகளை அடுக்கி மணலால் மூடி, அதற்குப் பிறகுதான் பக்கத்தில் வீட்டைக் கட்டினாள். அது என்ன என்று கேட்டோம். “பங்கர்” என்றாள், திண்ணை என்று சொல்வதுபோல. அவளுடைய சிற்றிலைச் சிதைக்க எந்தப் பையனும் வரவில்லை. விமானம் ஏற்கெனவே வந்துபோயிருந்தது.

அந்த வீட்டைப் பற்றி ஒரு கவிதை எழுத முப்பது ஆண்டாக முயல்கிறேன். அண்ணன் மகள் கேட்ட கேள்வி அந்தக் கவிதையைவிட நேராக இருந்தது.

“எத்தனை பேர் இருக்கலாம்னு நீயே சொல்லு” என்றேன். வீட்டுக்கு நாலு புளியங்கொட்டை வைக்கச் சொன்னாள். தம்பி எண்ணி வைத்தான். வைக்கும்போது அவனே நிறுத்தி, “காலனி வீடு எங்க?” என்றான். கண்மாய்க்கு அந்தப்பக்கம் இருக்க வேண்டிய தெருவைக் கட்டவே இல்லை. கட்டியவளும் மறந்திருந்தாள், நடுவரும் மறந்திருந்தாள். 1957 கலவரத்தின் நினைவு இன்னும் ஆறாத வட்டாரம் எங்களுடையது. எந்தத் தெரு எங்கே முடிகிறது என்று இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எதை வரைபடத்தில் விடலாம் என்பதும் கூடவே வந்துவிடுகிறது. சிதைப்பவனை மட்டும் குற்றம் சொல்லி எழுதிக்கொண்டிருந்த என் கட்டுரைக்கு அது ஒரு கொட்டு. கட்டுகிறவளும் தேர்ந்தெடுத்துத்தான் கட்டுகிறாள்.

மேலும் பன்னிரண்டு தீப்பெட்டி வந்தது. நாற்பத்தெட்டுப் புளியங்கொட்டை வந்தது. புது விதியும் வந்தது: ஒரு சுற்றில் ஒரு இயந்திரம் சுடாமல் இருந்தால், பக்கத்து வீட்டுக் கொட்டைகளைக் கண்மாய்க் கரைக்குக் கொண்டுபோகலாம். கொட்டைக்கு ஒரு புள்ளி. பீரங்கி இல்லாத மண்குதிரைக்கு அது நல்ல வேலையாக அமைந்தது. கண்மாய்க்கரையில் காவல் நிற்பதுதானே ஐயனார் குதிரையின் வேலை. பதினோராம் நாள் கணக்கெடுத்தபோது அக்கா எழுபத்தொரு கொட்டை, தம்பி ஐம்பத்தெட்டு. தம்பியின் இயந்திரங்கள் ஐந்து நின்றிருந்தன, அவளுடையவை இரண்டு. யார் வென்றது என்று இன்னும் தகராறு நடக்கிறது.

ஆகவே, தோழி, பிள்ளைகளுக்குப் போரைச் சொல்லிக்கொடுத்தேனா என்று கேட்டால், போர் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. பாட்டில் இருந்தது, படத்தில் இருந்தது, தெருவின் அமைப்பில் இருந்தது. விளையாட்டு அதைத் தரையில் விரித்துக் காட்டியது. விதியை யார் எழுதுவது என்பது கைக்கெட்டும் விஷயம் என்று ஒரு சிறுமிக்கும் ஒரு சிறுவனுக்கும் பதினொரு நாள் தெரிந்தது. இதற்குமேல் நான் உரிமை கோரவில்லை. விளையாட்டு அவளை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவரவில்லை.

பதினாறாம் நாள் சடங்கு. மண்டபத்து வாசலில் பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். தாமரைக்கு நடுவில் அவள் முகம், இரண்டு பக்கமும் மயில், கீழே தாய்மாமன்களின் பெயர் வரிசை. மறுநாள் அதை அவிழ்த்துச் சுருட்டித் திண்ணையில் போட்டபோது அவள் என்னிடம் வந்தாள்.

“அத்தே, இது எத்தனை அடி?”

“பத்துக்கு எட்டு.”

“அடுத்த லீவுக்குப் பெருசா ஆடலாம். கவுத்துப் போட்டு வரைஞ்சுக்கிர்றேன்.”

அவள் முகத்தின் மேலேயே கண்மாயும் தெருவும் வரப்போகிறது, மறுபடியும் ஒரு பெண் நிலமாகிறாள் என்று எனக்குள் இருந்த விமர்சகி விழித்துக்கொண்டாள். அதைச் சொல்லிவைத்தேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“மூஞ்சி கீழ கெடந்தா என்ன அத்தே, கட்டம் போடுறது நான்தான?”

அவளிடம் இருக்கிற பதில் அது. எனக்கு அது போதவில்லை. ஆனால் சுருட்டிய பதாகையைப் பரணில் ஏற்றி வைக்கும்போது, ஒரு முனையை நான்தான் பிடித்துக்கொண்டேன்.